செய்கூலி எங்கே போச்சு?

ஈப்போவிலிருந்து கோப்பேங் போகும் பழைய சாலையில், கேமரன் மலைக்குக் கிளை பிரியும் இடம் சிம்பாங் பூலாய். சுண்ணாம்புக்கல் மலைகள், அவற்றை வெட்டும் கல்லுடைப்புத் தளங்கள், வெள்ளைத் தூசி படிந்த லோரிகள். வெளியூர்க்காரர்களுக்கு இது நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒரு வழி மட்டும்தான். நமக்கோ, சுற்றுவட்டாரத் தோட்டங்கள் கைமாறிக் கைமாறித் துண்டானபோது வெளியே வந்த குடும்பங்கள் ஒதுங்கிய இடம். பால்மரம் சீவிய தலைமுறை போய், தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்த தலைமுறையும் ஓய்வு பெறத் தொடங்கிவிட்டது. இப்போதுள்ள பிள்ளைகளில் சிலர் வீட்டு ஹாலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பட்டுநூல் வளையல், கல் வைத்த ஜிமிக்கி, துணிப்பூ ஹேர்கிளிப் என்று செய்து டிக்டாக்கிலும் தீபாவளிச் சந்தையிலும் விற்கிறார்கள்.

இந்தப் பாடம் அவர்களுக்காக. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துத் தம்பிகள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நகை செய்வது நம் சமுதாயத்தில் காலங்காலமாக ஆண்களும் செய்துவந்த தொழில்.

தீபாவளி முடிந்த மறுவாரம் இப்படிப்பட்ட தங்கைகளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நல்லா போச்சுண்ணே, எல்லாம் வித்துருச்சு." சரி, கையில் எவ்வளவு நின்றது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். மறு சீசனுக்குப் பொருள் வாங்கியாச்சு, அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தாச்சு, மீதி தெரியவில்லை. கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில்தான் ஏதோ ஒன்று காணாமல் போகிறது. அது என்ன என்று தேடுவதுதான் இன்றைய படிப்பு.

அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு

நகைக்கடையில் நம் அம்மாக்கள் பேரம் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? விலைச்சீட்டை அவர்கள் ஒரே தொகையாகப் பார்ப்பதில்லை, பிரித்துப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். இன்றைய 916 விலைக்கு எடை எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு. நம்ம ஊர்க் கடைகளில் செய்கூலியை மலாயில் 'ஊப்பா' என்றே சொல்வார்கள். "ஊப்பாவைக் குறைச்சுக் குடுங்க" என்று கேட்காத அம்மா யாராவது உண்டா?

இந்த மூன்று சொல்லுக்குள் ஒரு முழுத் தொழிற்கணக்கு இருக்கிறது. எடை என்பது பொருளின் விலை. சேதாரம் என்பது அறுக்கும்போதும் உருக்கும்போதும் ராவும்போதும் வீணாகிற பங்கு. செய்கூலி என்பது கைக்கும் கண்ணுக்கும் உள்ள விலை. அந்தக் காலத்தில் வாடிக்கையாளரே தங்கத்தைக் கொண்டுவந்து பத்தரிடம் கொடுப்பார். அப்படிப் பார்த்தால் பத்தருக்குச் சொந்தமாக விற்க இருந்தது செய்கூலி ஒன்றுதான். அதை அவர் விட்டுக்கொடுத்தால் அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த நாட்டிலேயே அதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. மலாக்காவில் ஒரு தெருவின் பெயர் ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. அதே தெருவில்தான் 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் நிற்கிறது. சுற்றுலா போகும்போது கோயிலைக் கும்பிட்டுவிட்டுத் தெருப் பெயர்ப் பலகையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு கைத்தொழில் ஒரு நகரத்தின் தெருவுக்கே பெயர் கொடுத்திருக்கிறது.

இப்போது நம் தங்கையின் மேசைக்கு வருவோம். ஆறு வளையல் கொண்ட ஒரு பட்டுநூல் செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பழகுவதற்காக நான் போடும் தொகைகள் இவை. உங்கள் தொகை வேறாக இருக்கும்.

பிளாஸ்டிக் வளையம், நூல், கல், பசை எல்லாம் சேர்த்து 7 ரிங்கிட். பசை கொட்டியது, நூல் சிக்கியது, கல் தொலைந்தது என்று சேதாரம் பத்தில் ஒரு பங்கு, 70 சென். பெட்டியும் ஒட்டுத்தாளும் 1.50. சந்தையில் போட்ட கடை வாடகையை விற்ற செட்டுகளுக்குப் பங்கு போட்டால் ஒரு செட்டுக்கு 3 ரிங்கிட். ஆகமொத்தம் 12.20. விற்றது 25 வெள்ளிக்கு. மிச்சம் 12.80.

"பாதிக்குப் பாதி லாபம்!" என்று தோன்றுகிறதா? இனிமேல்தான் கேள்வி. அந்த ஒரு செட்டைச் செய்ய எவ்வளவு நேரம்? நூல் சுற்ற, பசை காய, கல் வைக்க, பிசிறு வெட்ட எல்லாம் இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். 12.80ஐ இரண்டரையால் வகுத்தால் மணிக்கு 5 ரிங்கிட் 12 சென்.

நம் நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் அது 8.17. இந்தச் சட்டம் முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றியது. வீட்டில் தனக்குத்தானே வேலை செய்பவரை அது காப்பாற்றாது. அதனால்தான் நாமே அதை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 8.17 வீதம் இரண்டரை மணிக்குச் செய்கூலி 20.43. அதைச் சேர்த்தால் அந்தச் செட்டின் அடக்க விலையே 32.63. 25க்கு விற்றபோது ஒவ்வொரு செட்டுக்கும் தங்கை தன் கையிலிருந்து 7.63 எடுத்து வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறார். நாற்பது செட் விற்றிருந்தால் 305 ரிங்கிட் 20 சென். "எல்லாம் வித்துருச்சு" என்பதன் அர்த்தம் இதுதான். நிறைய விற்றால் நிறைய நஷ்டம்.

இன்னொன்றையும் கணக்கில் விட்டுவிட்டோம். படம் எடுத்தது, "இது வேற கலர்ல இருக்கா?" என்று இரவு பதினொரு மணிக்கு வந்த கேள்விக்குப் பதில் போட்டது, தபால் கட்டி அனுப்ப ஈப்போ வரை ஓடியது. அதெல்லாம் நேரம் இல்லையா? பெட்ரோல் தனி.

சொந்தக்காரர் விலை என்ற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நம்ம புள்ளதானே, அஞ்சு வெள்ளி கொறச்சுக்கோ" என்பார் அத்தை. அத்தைக்குக் கொடுக்கலாம், அன்பளிப்பாகவே கொடுக்கலாம். ஆனால் அதை அன்பளிப்பு என்று நோட்டில் எழுதுங்கள், விற்பனை என்று எழுதாதீர்கள். வருட முடிவில் அத்தைமார்களுக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தால் சிரிப்பும் வரும், புத்தியும் வரும்.

விலையை ஏற்றினால் யார் வாங்குவா?

நியாயமான கேள்வி. பக்கத்துக் கடையில் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ மொத்தமாக இறங்கிய செட் பத்து வெள்ளிக்குத் தொங்கும்போது 40 வெள்ளி சொன்னால் யார் வருவார்கள்? அதே போன்ற வளையலுக்கு யாரும் வர மாட்டார்கள். வரவும் கூடாது. யந்திரத்தோடு விலையில் போட்டி போட்டு எந்தக் கையும் ஜெயித்ததில்லை.

வடிவமைப்பாளர் என்ற சொல் இங்கேதான் தேவைப்படுகிறது. வாங்கிய பாகங்களைக் கோர்ப்பவர் வேறு, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் வேறு. முதலாவதும் கௌரவமான வேலைதான். ஆனால் செய்கூலியை உயர்த்துகிற பலம் இரண்டாவதில்தான் இருக்கிறது. வேறெங்கும் கிடைக்காத ஒன்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் கடை கிடையாது.

சரி, கிடைக்காத ஒன்றை எங்கே போய்த் தேடுவது? பின்டரெஸ்ட்டில் தேடினால் உலகமே பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். நான் பாட்டியின் காதைப் பார்க்கச் சொல்வேன்.

தோட்டத்துப் பழைய படங்களில், தோள் வரை தொங்கும் காதோடு சில பாட்டிமார் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தென் தமிழ்நாட்டு வழக்கமான பாம்படமும் தண்டட்டியும் அந்தக் காதுகளில் தொங்கின. அவற்றை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பூ இல்லை, மயில் இல்லை, மாங்காய் இல்லை. உருண்டை, கட்டம், கூம்பு, தட்டு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உருவம். இன்றைக்கு ஐரோப்பாவில் ஒருவர் புதிதாக வரைந்தது என்று சொன்னாலும் நம்பலாம், அவ்வளவு புதுமையாக இருக்கும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. பார்க்கக் கட்டித் தங்கம் போலிருக்கும், ஆனால் மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கை நிரப்பிச் செய்வார்கள். கனமாகத் தெரிய வேண்டும், அவ்வளவு கனம் இருக்கக்கூடாது, தங்கமும் குறைவாகப் போதும். மூன்று கணக்கையும் ஒரே பொருளில் தீர்த்திருக்கிறார்கள்.

ஜிமிக்கியோடு சேர்த்துப் போடும் மாட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். காதிலிருந்து மேலேறிக் கூந்தலில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சங்கிலி வெறும் அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கனமான ஜிமிக்கியின் பாரத்தில் ஒரு பங்கைக் காது மடலிலிருந்து எடுத்துத் தலைமுடிக்குக் கொடுக்கிறது அது. தோட்டின் திருகாணியும் அப்படித்தான். அமுக்கி மாட்டும் கிளிப் கழன்று விழும், திருகு விழாது. பாட்டன் பூட்டன் சும்மா செய்து வைக்கவில்லை. அந்த வடிவங்களை அப்படியே நகல் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை எந்தத் தொல்லையைத் தீர்த்தன என்று கேட்டுப் பார்த்தால் உங்களுக்குச் சொந்தமாக ஒரு வழி திறக்கும். காது குத்தாதவருக்குப் பாம்படம் எப்படி மாட்டுவது? ஹெல்மெட் போட்டு மோட்டாரில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஜிமிக்கியை எப்படித் தட்டையாக்குவது? டூடோங் அணியும் தோழிக்கு ஊசி குத்தாத அலங்காரம் எது? இந்தக் கேள்விகள் இந்த நாட்டுக் கேள்விகள். வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு இவை தெரியாது.

ஊர்ப் பொருளைப் பயன்படுத்தலாமே என்று ஒரு தம்பி கேட்டார். சிம்பாங் பூலாய் என்றால் பளிங்கு. உடைந்த துண்டுகளை மணியாக்கிக் கோர்த்தால் 'எங்க ஊரு மலை' என்றே விற்கலாமே என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் பொருளைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். பளிங்கு அடிப்படையில் கால்சியம் கார்பனேட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அது ஏறக்குறைய 3. கத்தி முனை கீறிவிடும். எலுமிச்சைச் சாறு பட்டால் மெருகு போய்விடும். எனவே மோதிரத்துக்கும் வளையலுக்கும் சரிவராது. அடிபடாத பதக்கத்துக்குச் சரிவரும். காதுக்கு என்றால் எடையைப் பார்க்க வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்காமல் எந்தக் காதணியையும் விற்காதீர்கள். மடல் கிழிந்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் உங்களிடம் திரும்ப வர மாட்டார், நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

காது அரிப்பும் அதே போலத்தான். மலிவான காதணி போட்ட இரண்டாம் நாளே காது சிவந்து நீர் கோர்க்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் நிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வரம்பே வைத்திருக்கிறது. துளைக்குள் போகும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக்கூடாது. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் மற்றப் பொருள்களுக்கு 0.5. நம்மிடம் அதை அளக்கிற கருவி இல்லை. ஆனால் காதுக்குள் போகிற கம்பியை மட்டுமாவது டைட்டானியம், 925 வெள்ளி போன்ற நம்பகமான உலோகத்தில் வாங்கலாம். ஒரு ஜோடிக்குச் சில வெள்ளி கூடும். அதை மறைக்காமல் அட்டையில் எழுதுங்கள். "காது அரிக்காது" என்பதற்காகவே கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கும் அம்மாக்கள் ஏராளம்.

யாருக்கு விற்பது என்பதிலும் கொஞ்சம் கண்ணைத் திறக்க வேண்டும். தீபாவளிச் சந்தை வருடத்தில் சில வாரம். ஆனால் பரதநாட்டிய சலங்கை பூஜையும் அரங்கேற்றமும் வருடம் முழுக்க நடக்கின்றன. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம், வங்கி என்று ஒரு பிள்ளைக்கு ஒரு முழுச் செட் வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயரை வேறு எதன்மேலும் ஒட்டி விற்பது பொய்யாகும். அசல் வேண்டுவோருக்கு அசலை வரவழைத்துக் கொடுங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்புக்கு அளவெடுத்த இலேசான ஒட்டியாணம், ஆடும்போது கழலாத நெற்றிச்சுட்டி, இவற்றை இங்கிருந்தே செய்யலாம். அறுந்ததைப் பழுது பார்க்கலாம். கல்யாணச் செட்டை வாடகைக்கும் விடலாம். ஒரே செட் பத்து மணமேடை ஏறினால் செய்கூலி பத்து முறை வருகிறது. அளவெடுத்துச் செய்யும் எதற்கும் பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். "அப்புறம் தர்றேன்" என்று சொல்லி நிச்சயதார்த்தமே நின்றுபோன கதைகள் உண்டு.

யாருடைய வடிவம், யாருடைய பெயர்

நல்ல வடிவம் ஒன்று செய்து படம் போட்டீர்கள். மூன்றாம் வாரமே அதே மாதிரி வேறொரு கடையில் தொங்குகிறது. நம் வட்டாரத்தில் இது நடக்காத சீசன் இல்லை. அழுது ஒரு வீடியோ போட்டால் ஆறுதல் வரும், பணம் வராது.

சிலப்பதிகாரத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்ததால்தான் ஒரு பொற்கொல்லனின் பொய் எடுபட்டது. வழக்கு எதில் தீர்ந்தது? உள்ளே இருந்த பரலில். ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். தன் சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணகிக்குத் தெரிந்திருந்தது. கோவலனைக் கொல்லும் முன்னே சிலம்பை உடைத்துப் பார்க்க அரசன் நினைக்கவில்லை, அது வேறு துயரம். நமக்குள்ள செய்தி, இது என்னுடையது என்று காட்ட உள்ளே ஒரு சான்று வேண்டும் என்பது. முதல் பென்சில் கோட்டிலிருந்து தேதி போட்டு ஒரு நோட்டில் வையுங்கள். தவறிய மாதிரிகளையும் தூக்கிப் போடாதீர்கள். பொருளின் பின்பக்கம் உங்கள் முத்திரை ஒன்று, சின்னதாக.

சட்டம் என்ன சொல்கிறது? நீங்கள் வரைந்த படத்தையும் எடுத்த புகைப்படத்தையும் பதிப்புரிமைச் சட்டம் 1987 காக்கிறது. உங்கள் புகைப்படத்தையே எடுத்துத் தன் கடைக்குப் போட்டவரை அதைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் படத்தைப் பார்த்து அதே போன்ற பொருளைச் செய்வதை அது எப்போதும் தடுத்துவிடாது. பொருளின் உருவத்துக்கும் அலங்காரத்துக்கும் தொழில்துறை வடிவமைப்புச் சட்டம் 1996 தனியாக இருக்கிறது. மைஐபிஓ என்கிற அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிந்தால் முதலில் ஐந்து ஆண்டு. புதுப்பித்துக்கொண்டே போனால் மொத்தம் 25 ஆண்டு வரை பாதுகாப்பு. இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வடிவம் புதியதாக இருக்க வேண்டும். முதலில் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் பிறகு பதியப் போனால், நீங்களே அதை ஊருக்குக் காட்டிப் பழையதாக்கிவிட்டீர்கள் என்றாகிவிடும். வரிசை முக்கியம், விண்ணப்பம் முதலில், வீடியோ அப்புறம். தாமரை, மாங்காய், அன்னம் போன்ற பொதுவான உருவங்கள் யாருக்கும் தனிச்சொத்து ஆகாது, உங்களுக்கும்தான். செய்கிற எல்லாவற்றையும் பதியவும் வேண்டாம், செலவு தாங்காது. இரண்டு மூன்று வருடம் ஓடும் என்று நீங்கள் நம்புகிற ஒன்றை மட்டும் பதியுங்கள்.

வடிவத்தைவிடப் பெரிய சொத்து பெயர். இதைப் புரிந்துகொள்ள நம் நாட்டுக்காரர் ஒருவரின் கதையைப் படிக்க வேண்டும்.

ஜிம்மி சூ பினாங்கில் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவிடம் தொழில் கற்று, லண்டன் போய் கார்ட்வெயினர்ஸ் கல்லூரியில் படித்து 1983இல் வெளியே வந்தார். 1986இல் ஹாக்னி பகுதியில், பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் சொந்தப் பட்டறை வைத்தார். கையால் அளவெடுத்துச் செய்யும் காலணிகள். இளவரசி டயானா அவருடைய வாடிக்கையாளர். 1996இல் தமாரா மெல்லனோடு சேர்ந்து அவர் பெயரிலேயே நிறுவனம் உருவானது. 2001இல் தன் பாதிப் பங்கை அவர் ஒரு கோடி பவுனுக்கு விற்றார். 2017இல் அந்த நிறுவனத்தை மைக்கேல் கோர்ஸ் வாங்கியபோது விலை 89 கோடியே 60 லட்சம் பவுன்.

இதில் அவர் ஏமாந்தார் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு கோடி பவுன் சின்னத் தொகை இல்லை. விற்பது அவருடைய உரிமை. இடையில் பதினாறு வருடம் மற்றவர்கள் போட்ட முதலும் உழைப்பும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. 2017இல் கைமாறிய தொகையில் பெரும்பங்கு தோலுக்கும் ஆணிக்கும் உள்ள விலையா? பினாங்குக்காரர் ஒருவரின் கையால் பேர்வாங்கிய அந்த இரண்டு சொல்லுக்கு உள்ள விலை. அது அப்போது அவர் கையில் இல்லை.

அமெரிக்காவில் கேட் ஸ்பேட் என்ற பெண்மணி 1993இல் கைப்பை செய்யத் தொடங்கினார். பெயர் எடுத்தது. பிறகு நிறுவனத்தை முழுவதுமாக விற்றார். 2016இல் மறுபடியும் கைப்பையும் காலணியும் செய்ய வந்தபோது தன் சொந்தப் பெயரைக் கடைப் பலகையில் போட முடியவில்லை. பிரான்சஸ் வாலன்டைன் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார். சொந்தப் பெயரே கைவிட்டுப் போகும் என்றால் யோசித்துப் பாருங்கள்.

நமக்கு இவ்வளவு பெரிய தொகை ஏது என்கிறீர்களா? இதே விஷயம் சின்ன அளவில் ஈப்போவிலேயே நடக்கிறது. ஒரு பூட்டிக் உங்களிடம் வாரம் ஐம்பது ஜோடி கேட்கும். தன் அட்டையை ஒட்டித்தான் விற்கும். மூன்று வருடம் கழித்து ஊருக்குத் தெரிந்தது பூட்டிக்கின் பெயர், உங்கள் பெயர் இல்லை. அப்படிச் செய்வது தவறில்லை. பணம் வேண்டிய நேரத்தில் செய்யத்தான் வேண்டும். ஆனால் பாதியையாவது உங்கள் அட்டையில் விற்க ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சைத் தாளிலும் எழுதுங்கள்.

பெயர் பற்றிப் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. எஸ்எஸ்எம்மில் பதிந்துவிட்டால் பெயர் எனக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். இல்லை. எஸ்எஸ்எம் பதிவு தொழில் நடத்த. பெயரையும் சின்னத்தையும் சொத்தாக்குவது வணிகச் சின்னச் சட்டம் 2019இன் கீழ் மைஐபிஓவில் செய்யும் பதிவு. அது பத்து ஆண்டுக்கு, புதுப்பிக்கலாம். இரண்டும் வேறு வேறு கௌண்டர்.

எஸ்எஸ்எம் பதிவையும் தள்ளிப் போடாதீர்கள். 18 வயதான குடிமக்கள் தனியாள் வணிகம் பதியலாம். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். டெக்குனின் ஸ்பூமி போன்ற கடன்களைக் கேட்கப் போகும்போது இந்தத் தாள்தான் முதலில் கேட்கப்படும். கடனைப் பற்றி என் கருத்து, மேலே போட்ட கணக்கில் மணிக்கு 5 வெள்ளி வருகிறவர் கடன் வாங்கக்கூடாது. கணக்கை முதலில் சரி செய்யட்டும்.

முதலாளி இல்லாத வேலை என்றால் இபிஎஃப் போடவும் ஆள் இல்லை. ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே போடலாம். அரசாங்கமும் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை சேர்க்கிறது. சுயதொழில் செய்பவருக்கு பெர்கேசோ காப்பும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கிறது. பசைத் துப்பாக்கி கையைச் சுட்டாலும், பொருள் கொடுக்கப் போகிற வழியில் மோட்டார் சறுக்கினாலும் அன்றைக்குத்தான் இதன் அருமை தெரியும்.

வட்டத்தில் செய்ய

அடுத்த படிப்பு வட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு பொருளையோ வாங்கிய ஒன்றையோ கொண்டுவாருங்கள். செய்பவர்கள், ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை கைப்பேசியில் நேரம் வைத்துச் செய்து, எடை, சேதாரம், செய்கூலி மூன்றையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வரவும். செய்யாதவர்கள், கடைசியாக வாங்கிய கைவேலைப் பொருளில் செய்தவருக்குச் செய்கூலி எவ்வளவு போயிருக்கும் என்று ஊகித்து வரவும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.

வீட்டில் பாட்டி இருந்தால் அவருடைய பழைய தோடு, கொலுசு, பாம்படம் எதையாவது படம் பிடித்து வாருங்கள். எப்படி மாட்டுவது, எது வலிக்கும், எந்தப் பத்தர் செய்தது, அப்போது கூலி என்ன கொடுத்தார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். நகையைக் கொண்டுவர வேண்டாம், படம் போதும்.

எடை பார்க்கத் தராசு கிளை அலுவலகத்தில் இருக்கிறது.